வலது கைக்கு

ஜூன் கடைசியில் ஜெசிந்தா மிஸ்
மெஸ் கதவில் ஒட்டிய பட்டியலில்
என் பெயருக்கு எதிரே கைருன்னிசா இல்லை.
இரண்டு வருடம் ஒரே சோப்பைத் தேய்த்தவர்கள் நாங்கள்.
மிஸ்ஸிடம் போய் நின்றேன்.
"பந்தைக் குடுக்கிறவளும் வாங்குறவளும்
ஒரே ரூம்ல இருக்கணும்" என்றார்
விசிலை டிராக் பேன்ட்டில் துடைத்தபடி.
அவ்வளவுதான் விளக்கம்.

அறை எண் நான்கு.
தையல்நாயகி, முதலாமாண்டு,
வேதாரண்யம் உப்பளப் பக்கம்,
ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு.
மன்னார்குடி விடுதிக்குக் கட்டில் செய்தவன்
இப்படி ஒருத்தி வருவாள் என்று யோசித்திருக்கவில்லை.
கம்பிக்கு வெளியே நீண்டு
என் டிரங்குப் பெட்டிமேல் கிடந்தன அவள் பாதங்கள்,
உப்பு அரித்த குதிகால்களோடு.
பெட்டியைத் திறக்க அவளை எழுப்ப வேண்டும்.
எழுப்பினால் "ம்" என்பாள், காலை எடுக்க மாட்டாள்.
ஒரே பிளக். அவள் போன் ஏறினால் என் போன் சாகும்.
கொசுவர்த்தி வைத்தால் அவளுக்கு இருமல்,
வைக்காவிட்டால் எனக்குத் தூக்கமில்லை.
இப்படித்தான் ஆடி போனது.

நான் எதுவும் சொல்லித் தரவில்லை.
பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில்
சீனியர் என்று போட்டிருந்தது, அவ்வளவே.

ஆவணியில் ஒருநாள், விளக்கணைத்த பிறகு:
"அக்கா, நீ எடப்பக்கம் ஒருக்களிச்சுப்
படுக்கிறதே இல்லியே?"
அந்தச் சுவரில் பல்லி இருக்கு என்றேன்.
விடிந்தபோது
என் வாளியும் நிரம்பி மாடியேறி வந்திருந்தது.
மைதானத்தில் அன்றிலிருந்து
அவள் திருப்பி எறிந்த பந்தெல்லாம்
என் வலது உள்ளங்கைக்கே வந்தன.
"பாருங்கடி, என்ன புரிதல்!" மிஸ் கைதட்டினார்.
புரிதல் இல்லை மிஸ்,
மார்ச்சில் தசை கிழிந்த தோள்.
மறைக்க இப்போது இரண்டு பேர்.

ஐப்பசி.
கான்கிரீட் தளத்தில் தேங்கியதைத்
துடைப்பத்தால் தள்ளிவிட்டு ஆடினோம்.
ரீபவுண்டுக்கு எம்பினாள்.
இறங்கிய விதம் சரியில்லை.
மிஸ் திரும்புவதற்குள் குனிந்து
லேஸைக் கட்டத் தொடங்கினாள்,
ஏற்கெனவே கட்டியிருந்த லேஸை.
அவிழ்த்துக் கட்டினாள்.
மறுபடி அவிழ்த்து, மறுபடி கட்டி,
உதட்டில் ஒரு சின்னச் சிரிப்போடு
வலி இறங்கக் காத்திருந்தாள்.

அந்தச் சிரிப்பு என்னுடையது.
லேஸும் என்னுடையது,
மார்ச்சிலிருந்து நான் கட்டிக் கட்டி அவிழ்த்தது.
சொல்லித் தராததை
அச்சுப் பிசகாமல் படித்திருந்தாள்.

அன்றிரவு என் பெட்டிமேல் ஒரு பாதம்தான் இருந்தது.
மற்றது தலையணைமேல், கொழுக்கட்டையாய் வீங்கி.
பத்தரை மணிக்கு மிஸ்ஸின் கதவைத் தட்டினேன்.
முதலில் என் தோளைச் சொன்னேன்.
பிறகு அவள் கணுக்காலை.

கும்பகோணம் போட்டிக்குப் போகும் வேனில்
கடைசி இருக்கை எங்கள் இருவருக்கு,
ஜெர்சி இல்லாமல்.
முன்னால் ஒரே கூச்சல்.
கைருன்னிசாதான் இனி பந்தைக் கொடுப்பவள்.
என் இடப்பக்கம் ஜன்னலோரம் தையல்நாயகி,
மூன்று நாளாக ஒரு சொல் இல்லை.
அறையில் பிளக்கைக்கூட எனக்கே விட்டுவிட்டாள்,
அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீடாமங்கலம் கேட் வழக்கம்போல் மூடியிருந்தது.
இன்ஜின் மாற்றுகிறார்களாம்.
டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனார்.
ஜன்னலுக்கு வந்த அவித்த கடலையில்
பத்து ரூபாய்க்கு வாங்கினாள்.
ஒவ்வொன்றாக உரித்தாள். தானும் தின்னவில்லை.
தோலெல்லாம் மடியில் குவிந்த பிறகு
பக்கத்திலேயே இருந்த என் இடது கையை விட்டு
என்னைத் தாண்டிக் கையை நீட்டி
வலது உள்ளங்கையில் வைத்தாள்.

இன்னும் பேசவில்லை.
கேட்டும் திறக்கவில்லை.